டீச்சருக்குத் தெருவின் நல்வாழ்த்துகள்

முதலியார்பேட்டையில் எங்கள் தெரு பெரிய சாலையைத் தொடும் முனையில் ஒரு கரும்பலகை இருந்தது. அதை நான் ஐந்து மாதம் ஆண்டேன். அதில் எழுதினேன் என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பதினோரு வயதில் நான் செய்தது ஆட்சி, அதில் சந்தேகமே வேண்டாம்.

பலகை என்றால் மரத்தில் செய்தது இல்லை. மூலைவீட்டு மதிலில் சிமெண்ட் பூசிக் கறுப்பு அடித்த ஒரு சதுரம். ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தார், படம் வெளியாகும் நாட்களில் எழுதிப் போடுவதற்காக அதைச் செய்துவைத்திருந்தார்கள். யார் தலைவர் என்ற சண்டையில் மன்றம் இரண்டாக உடைந்து, பிறகு இரண்டுமே காணாமல் போயின. பலகை மட்டும் மழைத்தண்ணீர் வடிந்த கோடுகளோடு சும்மா கிடந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை பரபரக்கும்.

அந்த ஆசையை எனக்குள் போட்டது என் மாமா. அம்மாவின் தம்பி. அவர் ஒரு மாலைப் பத்திரிகை நடத்தினார். மொத்தம் நான்கு பக்கம். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஆபீஸ், சேதராப்பட்டில் வேறொருவருடைய அச்சகத்தில் அச்சு. யாருக்குப் பிறந்தநாள், எந்தக் கடைக்குத் திறப்புவிழா, எந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டது, இவைதான் அதில் வரும். ஆனால் மாமா கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் முன்வரிசையில் இரண்டு பேராவது எழுந்து நாற்காலி தருவார்கள். வாசலில் நிற்கும் போலீஸ்காரர் சிரிப்பார். மாமா அப்படியொன்றும் ஆஜானுபாகு இல்லை, பேண்ட் எப்போதும் இடுப்பிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். அவரைக் கண்டு யாரும் எழுந்திருக்கவில்லை, அவர் என்ன எழுதிவிடுவாரோ என்றுதான் எழுந்தார்கள். இது எனக்கு அந்த வயதிலேயே புரிந்துவிட்டது. புரிந்ததோடு நிற்காமல் பிடித்தும் போயிற்று. எனக்கும் அந்த நாற்காலி வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். வந்து பிரயோஜனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

சாக்பீஸ் கொடுத்தவர் பக்கத்து வீட்டு டீச்சர். அரசுப் பள்ளியில் வேலை. கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார். அவருடைய அக்கா குடும்பம் பிரான்சில். பள்ளியில் தேய்ந்துபோன துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டி, "எழுது. ஆனா அழிச்சிட்டு எழுது, மேலயே எழுதாத" என்றார்.

முதல் செய்தி தண்ணீர் பற்றியது. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது கடவுளுக்கும் வால்வு திறக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும். நான் அந்த அண்ணனைத் தினமும் சாயங்காலம் மறித்து நேரம் கேட்டு எழுதினேன். நான்கு நாள் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி தண்ணீர் வந்ததும் தெரு என் பிடிக்குள் வந்துவிட்டது. அப்புறம் காணாமல்போன ஆடு, பத்தாம் வகுப்பு ரிசல்ட், நோணாங்குப்பத்தில் படகு ஓட்டும் அண்ணனுக்குப் பெண் குழந்தை என்று வரிகள் கூடின. ஒருநாள் தெருக்கோடி இட்லிக் கடையில் சட்னி புளித்துப்போயிருந்ததை எழுதினேன். மறுநாளிலிருந்து அந்தக் கடை அக்கா என் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினார். புளித்ததாக நான் மறுபடி எழுதவில்லை. மறுபடி புளித்ததா என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சித் தேர்தல் வந்தது. புதுச்சேரியில் அது நடந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கடைசியாக நடந்தபோது அப்பா சட்டை போடாமல் திரிந்த சின்னப் பையனாம். எங்கள் வார்டுக்கு மாமா நின்றார். அம்மா அன்றைக்கே அவரை அமைச்சராக்கி, எங்கள் வீட்டு வாசலில் நிற்கப்போகும் காருக்கு இடம் பார்க்க ஆரம்பித்தாள். மாமாவும் அதை மறுக்கவில்லை. "மொதல்ல இது, அப்புறம் சட்டசபை" என்று மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்வார்.

டீச்சரும் நின்றார். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அரசு வேலையில் இருந்துகொண்டு நிற்க முடியாது என்பதால், பணி இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் ஒவ்வொரு மழைக்கும் வீடுகளுக்குள் வந்துவிடும். அதற்காக அவர் எழுதாத மனு இல்லை. "மனு குடுத்துக் குடுத்து கை வலிக்குது. இனிமே மனு வாங்கற எடத்துல போய் ஒக்காந்துக்கறேன்" என்று குழாயடியில் சொன்னார். அவருக்கு அலமாரி சின்னம். தெருப் பிள்ளைகள் அட்டையில் அலமாரி செய்து தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். மாமாவின் பத்திரிகையில் தினமும் மாமாவின் படம் வந்தது, ஆனாலும் எங்கள் தெருவும் அதற்கடுத்த நான்கு தெருக்களும் டீச்சர் பக்கம்தான் இருந்தன. நானும் மனசுக்குள் டீச்சர் பக்கம். பலகையில் இரண்டு பேரையும் சமமாக எழுதினேன். ஆசிரியர் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால், எங்கள் தெருவில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய அதிர்ஷ்டம் பிரெஞ்சு நேஷனாலிட்டி, கிடைத்தால் குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விடலாம். லாட்டரியெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் கிடைத்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண் பட்டுவிடும், யாராவது ஏதாவது எழுதிப்போட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று பயம். எதிர்வீட்டு அண்ணனுக்குக் கிடைத்தபோது அவருடைய அம்மா ஆறு மாதம் குழாயடியில் நின்று "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, யாரு சொன்னது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் மாதம் டாக்சி மேலே நான்கு பெட்டிகளைக் கட்டும்போதும், "சும்மா மெட்ராஸ் வரைக்கும்" என்றார். ஆகையால் இந்த ஒரு விஷயத்தில் யார் மறுத்தாலும் எங்கள் தெரு நம்பாது. எவ்வளவு அழுத்தி மறுக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் டிக்கெட் என்று கணக்கு.

ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"இன்னா எடிட்டரம்மா, முக்கியமான நியூஸ் ஒண்ணு உங்க போர்டுல வரவே இல்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. "எது மாமா?"

"நேத்து போஸ்ட்மேன் டீச்சர் வீட்டுல பிரான்ஸ் கவர்மெண்டு கவர் ஒண்ணு கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாராமே. பக்கத்து வூட்டுல இருந்துக்கினு உனக்குத் தெரியலையா? சரி வுடு. நாளைக்குச் சாயங்காலம் பேப்பர்ல பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னார். கவரில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் இல்லை. எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. என் தெருவின் செய்தி, என் பக்கத்து வீட்டுச் செய்தி, சைக்கிள் கடை மாடியிலிருந்து எனக்கு முன்னால் வந்துவிடக்கூடாது.

அப்போதே போஸ்ட்மேன் வீட்டுக்கு ஓடினேன். அடுத்த தெருதான். அவர் லுங்கியோடு வந்து, ஆமாம், பெரிய பழுப்புக் கவர், பிரான்ஸ் கவர்மெண்டு முத்திரை, கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தேன் என்றார். அங்கிருந்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். சாயங்காலம் இன்னொரு தடவை போனேன், அப்போதும் பூட்டு. காத்திருந்து காலையில் அவரைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். கேட்டால் மறுப்பார், இது எனக்குத் தெரியும். எப்படியும் மறுக்கப்போகிறவரிடம் எதற்குக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் கண்டுபிடித்த இந்த நியாயத்தைப் பிற்காலத்தில் பெரிய பெரிய ஆட்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பலகையை ஈரத்துணியால் துடைத்தேன். தண்ணீர் நேரத்தைக்கூட ஓரத்தில் தள்ளிவிட்டு, நடுவில் பெரிதாக எழுதினேன்: 'நமது டீச்சர் அவர்களுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைத்துள்ளது. தெருவின் நல்வாழ்த்துகள்.' சுற்றிலும் பூ வரைந்தேன். மூலையில் நீலம், வெள்ளை, சிவப்பில் ஒரு கொடி. அதைவிட அழகாக அந்தப் பலகையில் நான் எதையும் எழுதியதில்லை. டீச்சருக்கு நல்லது செய்கிறோம் என்ற பூரிப்பு வேறு.

ஏழு மணிக்குள் தெருவே டீச்சர் வீட்டு வாசலில். எல்லோருக்கும் சந்தோஷம். அது பொய்ச் சந்தோஷம் இல்லை. ஒருத்தி சர்க்கரை கொண்டுவந்து டீச்சர் வாயில் போட்டாள். இட்லிக் கடை அக்கா ஒரு நல்ல சென்ட் பாட்டில் அனுப்பவேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்தார். டீச்சர் திகைத்துப்போய், "இல்லப்பா, அது எங்க அக்காவோட பென்ஷன் காயிதம். லீவுக்கு இங்க வரப் போறான்னு இந்த அட்ரஸ் குடுத்திருக்கா, அதான் இங்க வந்திருக்கு" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றார்கள் எல்லோரும். "வெளிய சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்."

கூட்டம் கலைந்தபிறகு டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் எழுதியது தப்பு என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் சும்மா மறுக்கிற ஆள் இல்லை என்று தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும் போலிருந்தது.

மத்தியானம் மாமா போட்டோகிராபரோடு டீச்சர் வீட்டுக்கு வந்தாராம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "உங்களப் பத்தி தப்பா ஒரு பேச்சு ஓடுது டீச்சர். போட்டின்னாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்ல. நீங்க சொல்றத அப்படியே போடறேன்" என்றாராம். டீச்சர் அவருக்குக் காபி கொடுத்து நன்றியும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பத்திரிகையின் முதல் பக்கத்தில், டீச்சர் படத்தோடு கட்டம் கட்டி வந்தது: 'நான் பிரான்ஸ் செல்லவில்லை. வேட்பாளர் திட்டவட்ட மறுப்பு.' உள்ளே டீச்சர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் மாமா டீச்சரைப் பற்றிக் கடைசிவரை ஒரு பொய்யும் எழுதவில்லை. இதை அவருக்காக இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன்.

எங்கள் தெரு மட்டும் அறிந்திருந்ததை அன்று சாயங்காலம் வார்டு முழுக்க அறிந்தது. டீக்கடையில் பத்திரிகையைச் சத்தமாகப் படித்த ஒருவர், மடித்து வைத்துவிட்டு, "திட்டவட்டமா மறுக்கறாங்கன்னா டிக்கெட்டே போட்டாச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். "நல்ல பொம்பள. போய் நல்லா இருக்கட்டும். ஆனா ஏரோப்ளேன் ஏறப் போறவங்களுக்கு ஓட்டுப் போட்டு நாம இன்னா பண்றது? வாய்க்கா அடச்சிக்கினா பாரீசுக்கா போன் போடறது?"

நான் விடுவதாக இல்லை. நான் எழுதிக் கெடுத்ததை நானே எழுதிச் சரிசெய்வேன் என்று உறுதியாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை பலகையில் 'நேற்றைய செய்தி தவறு, வருந்துகிறோம்' என்று எழுதினேன். டீச்சர் பாவம், பிள்ளையைக் கூப்பிட்டு எழுதவைத்திருக்கிறார் என்றது தெரு. புதன்கிழமை அதையே பலகை முழுவதும் சிவப்பில் எழுதினேன். வியாழக்கிழமை டீச்சரிடம் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, சோற்றுப்பருக்கை தடவிப் பலகையிலேயே ஒட்டினேன். பிரெஞ்சு யாருக்கும் படிக்க வரவில்லை. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா தாத்தா ஒருவர் பின்தெருவில் இருந்தார். அவரைக் கைபிடித்து இழுத்துவந்து படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "ஆமா, இது அக்காவோட பென்ஷன் விஷயம்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு அம்மாள், "பாத்தியா, அக்கா பேர்லதான் மூவ் பண்றாங்க" என்று பக்கத்து அம்மாளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து வீடு வீடாகப் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஐந்து தெரு, ஒரு வீடு விடவில்லை. "நான்தான் தப்பா எழுதிட்டேன், டீச்சர் எங்கயும் போகல" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒப்பித்தேன். எல்லா வீட்டிலும் என்னை உட்காரவைத்து முறுக்கு கொடுத்தார்கள். "டீச்சர் சொல்லச் சொன்னாங்களா கண்ணு?" என்று அன்பாகக் கேட்டார்கள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, சொந்த மாமாவுக்கு எதிராக ஓட்டுக் கேட்கிறாயா என்று முதுகில் இரண்டு வைத்தாள். நான் ஓட்டுக் கேட்கவில்லை, திருத்தம் போடுகிறேன் என்றேன். அதற்கு இன்னும் ஒன்று விழுந்தது. மறுநாள் பின்வாசல் வழியாகப் போனேன்.

அந்த நாட்களில் டீச்சர் என்னிடம் கோபமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். வழியில் பார்த்தால், "இன்னிக்கி எந்தத் தெரு?" என்று கேட்பார். அவரும் அதே தெருக்களில் அதே வாசல்களில் நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கால் வீங்கிப்போயிருந்தது. ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொண்டோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

டீச்சர் தோற்றார். எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் அவருக்குப் போடவில்லை. போடாதவர்களும் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும் டீச்சர்" என்றார்கள். வேலையும் இல்லை, பதவியும் இல்லை என்று ஆன ஒருவரை அவர்கள் மனதார வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

வாக்கு எண்ணிக்கை முடிந்தது என்று தெரிந்ததும் நான் பலகைக்குப் போனேன். சாயங்காலம் மாமாவின் வெற்றி ஊர்வலம் அந்த வழியாகத்தான் வரும். அந்தக் கவர் பேச்சை என்னிடம் எடுத்துக்கொடுத்த மாமா அதைப் படிக்கவேண்டும், தெருவே பார்க்க அவர் தலைகுனியவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: 'டீச்சரைப் பற்றி நான் எழுதியது பொய். அதனால்தான் டீச்சர் தோற்றார்.' பூ கிடையாது, கொடி கிடையாது. எழுதிவிட்டு யாரும் அழித்துவிடாதபடி அதன் பக்கத்திலேயே நின்றேன்.

மேளமும் வெடியுமாக ஊர்வலம் வந்தது. மாமா திறந்த ஜீப்பில், கழுத்து தெரியாமல் மாலையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி அந்த இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். வாசல்களில் நின்றவர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள். டீச்சர்கூடத் தன் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றார். ஜெயித்தவருக்குப் போர்த்த ஒரு புதுத் துண்டு அவர் கையில் மடித்தபடி இருந்தது.

மாமா என் தலையில் கைவைத்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

"பாத்துக்கோங்க. எங்க அக்கா பொண்ணு. பதினோரு வயசு. தப்புன்னா தப்புன்னு ஊரு நடுவுல எழுதி வைக்குது. எங்க குடும்பத்துல நேர்மைன்னா இதுதான். இந்த நேர்மைக்குத்தான் நீங்க ஓட்டுப் போட்டிருக்கீங்க" என்றார்.

கழுத்திலிருந்த மாலைகளில் பெரியதாக ஒன்றைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அது என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தெருவே கைதட்டியது. போட்டோகிராபர் என்னைப் பலகைப் பக்கம் கொஞ்சம் நகரச் சொன்னார், நகர்ந்தேன். முகத்தைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். முன்னால் நின்ற இரண்டு பேர் எனக்கு வழிவிட்டு விலகினார்கள்.

நான் டீச்சரைத் தேடினேன். இவ்வளவு பேருக்கு முன்னால் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், எல்லோரும் அதற்குக் கைதட்டுகிறார்கள், டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் பத்து நாளும் என்னைப் பார்த்தால் சிரித்த டீச்சர் அப்போது சிரிக்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார். துண்டைப் பிரிக்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேளச் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, மாலை கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி நான் ஜீப்பில் ஏறினேன்.